இசைச் சொற்பொழிவில் பாடக்கூடாது

எங்கள் ஊரில் சொற்பொழிவு என்றால் முதலில் பாட்டு. யார் பேச வந்தாலும் சரி, எதைப் பற்றிப் பேச வந்தாலும் சரி, ஊர்க்கூடத்தில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாட்டைப் பாடி முடித்த பிறகுதான் பேச்சு. தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேச வந்தவர் பாடினார். கிரீன்லாந்துப் பனியில் விரல்களைத் தொலைத்துவிட்டு வந்தவர், மிச்சமிருந்த விரல்களால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார். வரித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். அவரோடும் பாடினோம், கொஞ்சம் சுரத்தில்லாமல். டேனிஷ்காரர்கள் நாங்கள் அப்படித்தான். நாலு பேர் ஓர் அறையில் கூடிப் பாடாமல் கலைந்தால் உள்ளே ஏதோ சண்டை என்று வெளியே இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தப் பாட்டுக்குப் பியானோ வாசிப்பவன் நான். பெயர் வில்லாட்ஸ். ஓய்வுபெற்ற பல் வைத்தியன். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் என் கைவேலை இருக்கிறது. என் வாசிப்பு சுமார்தான், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனங்களை எப்போது வாய் திறக்க வைப்பது என்பது எனக்குத் தெரியும். பாட்டின் கடைசி வரியை முதலில் தனியாக வாசிப்பேன். அதன் முடிவில் கொஞ்சம் இழுப்பேன். தலையைத் தூக்குவேன். மொத்தக் கூடமும் மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வரியில் இறங்கும். இந்த நாட்டில் எந்தக் கூடத்துக்குப் போனாலும் இதே முறைதான். குழந்தையிலிருந்து பழகிவிட்டதால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை.

சொற்பொழிவுக் குழுவில் மூன்று பேர். தலைவி தோவே. சாவி, நாற்காலி, விளக்கு எல்லாம் ஈவர். பியானோவும் காப்பிப் பாத்திரமும் நான். பேச்சாளரைப் பிடிப்பதும் அன்றைய பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் தோவேயின் பொறுப்பு. அதில் யாரையும் கைவைக்க விடமாட்டாள்.

தோவேயின் கணவன் ஆக்செல் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன். அவன் குரல் சந்தையைத் தாண்டி ரயில் நிலையம் வரை கேட்கும் என்பார்கள். நான் அவனுக்குப் பல் பிடுங்கியபோதுகூட நடுவில் பேசிக்கொண்டே இருந்தான். அப்படிப்பட்டவனுக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்தது. கைகால் தப்பித்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "அதேதான்." சாப்பிடுகிறாயா என்றால் அதேதான். வலிக்கிறதா என்றால் அதேதான். போய்த் தொலை என்றாலும் அதேதான். முதலில் ஊரே சிரித்தது, அவனும் சிரித்தான். அப்புறம் அவன் சிரிப்பதை நிறுத்தினான்.

தேனீக்காரர் வந்த அன்று, பக்கவாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, அவனைக் கூடத்துக்குக் கூட்டிவந்தாள் தோவே. நான் கடைசி வரியை வாசித்து, இழுத்து, தலையைத் தூக்கினேன். பாட்டு கிளம்பியது. கூட்டத்தின் அடியிலிருந்து அந்த ஏலக் குரல் வந்தது. வார்த்தை வார்த்தையாக, ஒன்றுகூடத் தவறாமல் பாடினான் ஆக்செல். என் விரல்கள் தடுமாறிவிட்டன. தோவே பாடுவதை நிறுத்திவிட்டுத் தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. "ஆக்செல், நீ பாடினே!" என்றாள். "அதேதான்" என்றான்.

பேச்சும் பாட்டும் மூளையில் வேறுவேறு அறையில் இருக்கின்றன, ஒரு அறை எரிந்துபோனாலும் இன்னொன்று தப்பிக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். தோவே வீட்டில் முயன்று பார்த்தாள். வானொலியைப் போட்டாள், தானே பாடினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டான். வீட்டில் அவன் ஒருநாளும் பாடியவனில்லை. எங்கள் ஆண்கள் சமையலறையில் பாடமாட்டார்கள். அவர்களுக்குக் கூட்டம் வேண்டும், மறைந்துகொள்ளப் புத்தகம் வேண்டும். அதனால் தோவே தன் கணவனின் குரலைக் கேட்க ஊர்க்கூடம் ஒன்றே வழியாயிற்று. வாரத்தில் ஒரு பாட்டு. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. பனி கொட்டுகிற மாதத்தில் வசந்தகாலப் பாட்டைக் கொடுத்தாள். ஏன் என்று பார்த்தால் அதில் "காலை வணக்கம்" வருகிறது. கிரீன்லாந்துக்காரருக்கு ஒரு கல்யாணப் பாட்டு. அதில் "என் கண்ணே" வருகிறது. தனக்கு எந்த வார்த்தை வேண்டுமோ அந்த வார்த்தை உள்ள பாட்டாகப் பார்த்து எடுத்து, அவன் வாயிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டபோது மறுக்கவில்லை. "இதை யார்கிட்டயாவது சொன்னே, உன் பல்லை நான் பிடுங்கிடுவேன்" என்றாள்.

இந்தக் குளிர்காலத்துக்கு ஆறு சொற்பொழிவும் இசையைப் பற்றியே இருக்கட்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான். தேனீக்கே ஒரு பாட்டு என்றால் இசைக்குக் குறைந்தது மூன்று பாட்டாவது இருக்காதா என்று கணக்குப் போட்டாள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலிருந்து யொஹானே ரவ்ன் என்ற பேராசிரியை ஒப்புக்கொண்டார். சுவரொட்டி ஒட்டியாயிற்று. முதல் பேச்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோவேயின் சமையலறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து, நடுவில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, பேராசிரியையோடு பேசினோம். ஆக்செல் வெளியே விறகு வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் யொஹானே. "ஆரம்பத்துல பாட்டு வேண்டாம்."

தோவே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "சரியா கேக்கல. என்ன வேண்டாம்?"

"எல்லாரும் சேர்ந்து பாடறது. என்னோட ஆறு பேச்சும் காதைப் பத்தினது. பாடும்போது மனுஷன் தன் குரலைத்தான் கேக்கறான். நான் வரும்போது அவங்க காது காலியா இருக்கணும்."

"இங்க அது பழக்கம்ங்க. தேனீக்கே பாடினோம்."

"பழக்கம்ங்கறதாலதான் வேண்டாம்ங்கறேன். கோவிச்சுக்காதீங்க. இதை எல்லா ஊர்லயும் கேட்டுக்கறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற யாரையாவது சிபாரிசு பண்றேன்."

ஈவருக்கு முகமெல்லாம் பல். மேல் வரிசையில் இரண்டு என் உபயம். "நல்லதாப் போச்சு! புத்தகத்தைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. பாட்டைக் கேட்டுத்தான் சின்னப் பசங்க யாரும் வர்றதில்ல."

"சின்னப் பசங்க வராததுக்குக் காரணம் உன் மூஞ்சி" என்றேன் நான்.

இந்த ஊரில் இசை படித்த ஆள் பேச வருவது குதிரைக்கொம்பு. வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது என்பது தோவேக்கும் தெரியும். அவள் ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடரி விழும் சத்தம் கேட்டது. "சரி" என்றாள் கடைசியில்.

"ரொம்ப நன்றி. இன்னொண்ணு, உங்க ஊர்ல எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச மெட்டு ஒண்ணு சொல்லுங்க. அதைப் பியானோவுல வாசிச்சு, முதல் முறை கேக்கற மாதிரி கேக்க வைக்கணும்."

தோவே உடனே சொன்னாள். நவம்பர் மழையைப் பற்றிய அந்தப் பழைய பாட்டு. நனைந்துபோன உழவன் ஒருவன் இருட்டில் வீட்டுக்கு நடந்து வருவான். அன்றைக்குப் பாடுவதற்கு அவள் எடுத்து வைத்திருந்ததே அதுதான்.

ஈவர் கிளம்பியதும் கேட்டேன். "அதுல எந்த வார்த்தை?"

"மூணாவது சரணம்." அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், சுத்தமான மேசையை. "கதவண்ட வந்து நின்னு சொல்லுவானே. 'கதவைத் திற, நான்தான்.' அந்த 'நான்தான்'. ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ள ஒருத்தன் நடமாடறான், வில்லாட்ஸ். சாப்பிடறான், தூங்கறான். அது அவன்தானான்னு சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கு."

நான் தொலைபேசியை என் பக்கம் இழுத்தேன். "நான் அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். விஷயம் தெரிஞ்சா மாட்டேன்னா சொல்லுவாங்க?"

"சொல்லாதே."

"ஏன்? இதுல என்ன வீராப்பு?"

"நோயாளிக்காகன்னு சொல்லி ஊரே எழுந்து பாடும். எல்லாரும் அந்த மனுஷன் வாயையே பாத்துட்டிருப்பாங்க. பேச்சுதான் போச்சு, புத்தி போகல. அன்னிக்கு மூடற வாய் அப்புறம் திறக்காது. அதுக்கு இந்தக் குளிர்காலம் பாட்டே இல்லாமப் போகட்டும்."

அவள் சொன்னது நியாயம். எனக்கு அந்த நியாயத்தின் மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேராசிரியையைத் திட்டிக்கொண்டே போனேன். ஆறு பேச்சு, ஆறு வாரம், ஒரு பாட்டு கிடையாது. தேனீக்காரரே தேவலை.

செவ்வாய்க்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. ஈவர் பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்திலிருந்த வெறும் மேசையைப் பார்த்தார்கள், புத்தகம் எடுக்கக் கை நீட்டினார்கள், கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்கள். ஆக்செல் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். தோவே அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

எனக்குப் பியானோவில் வேலையில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்தில் உட்கார்ந்தேன், அவர்கள் இருவருக்கும் நேர் பின்னால். ஆக்செலின் கழுத்து தெரிந்தது. புதிதாக முடி வெட்டி, சட்டைக் காலரை இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள். எதற்கு இவ்வளவும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

யொஹானே ரவ்னை வெறுக்கலாம் என்று தயாராக வந்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒல்லியான, அவசரமில்லாத பெண்மணி. பந்தா இல்லை. எங்களைக் கண்ணை மூடச் சொல்லி வெளியே காற்று வீசுவதைக் கேட்கச் சொன்னார். ஈவரின் வயிறு உறுமுவது கேட்டது, எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். நன்றாகத்தான் பேசினார். தோவே மட்டும் கையை மடியில் கோத்துக்கொண்டு, பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள்.

பிறகு அவர் பியானோவுக்குப் போனார்.

"மெட்டுன்னா வீட்டை விட்டுக் கிளம்பி, சுத்திட்டு, திரும்பி வீட்டுக்கு வர்றது" என்றார். "வீட்டுக்கு வர்ற இடம் எதுன்னு கேளுங்க. முதல்ல கடைசி வரியை மட்டும் வாசிக்கறேன்."

வாசித்தார். மழைப் பாட்டின் கடைசி வரி. வீடு வந்து சேர்வதைக் காட்ட வேண்டுமே என்று முடிவில் நன்றாக இழுத்தார், நான் இழுப்பதைவிட அழகாக. எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கினார், "இதோ, இந்த இடம்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல்ல முடியவில்லை. மொத்தக் கூடமும் மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வரியில் இறங்கிவிட்டது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. என்னைப் பொறுத்தவரை, என் வாய் திறந்தது எனக்கே இரண்டாவது வரியில்தான் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் பாதியில் நிறுத்த யாராலும் முடியவில்லை. பேராசிரியை இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற ஈவர், பாட்டே வேண்டாம் என்ற ஈவர், எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

ஆக்செலும் பாடினான். நேர் முன்னால் இருந்ததால் அவன் முதுகு அதிர்வதுகூட எனக்குத் தெரிந்தது.

முதல் சரணம் முடிந்தது. அங்கேதான் வந்தது வினை. புத்தகம் இல்லாமல் எங்களில் யாருக்கும் முதல் சரணத்துக்கு மேல் தெரியாது. இரண்டாவது சரணத்தில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், பாதிப் பேர் இருமினார்கள், ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சந்தையில் நாற்பது மாட்டின் வயதும் எடையும் காகிதம் பார்க்காமல் சொன்னவன் ஆக்செல். அவன் நிற்கவில்லை. தான் தனியாகப் பாடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊர் முழுக்க அந்தக் குரலைக் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக என் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இலவசமாகப் பல் கட்டிவிடலாம்.

சுருதி சேரவே இல்லை. துணையில்லாமல் பாடப் பாடக் கீழே இறங்கிக்கொண்டே போனான். யொஹானே தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு சுரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார், இல்லை. அதற்குக் கீழே ஒன்றைத் தொட்டார். அங்கே இருந்தான் ஆக்செல். அவரும் அங்கேயே இறங்கி வந்து, அவனோடு சேர்ந்து வாசித்தார், அவன் மூச்சு வாங்கும் இடத்தில் காத்திருந்து, அவன் நடக்கும் வேகத்தில் நடந்து.

மூன்றாவது சரணம் வந்தது. உழவன் கதவுக்கு வந்துவிட்டான். தோவே பாடவில்லை, திரும்பவில்லை, அவள் தோள்கள் மட்டும் மேலே ஏறி நின்றன.

"கதவைத் திற, நான்தான்" என்று பாடினான் ஆக்செல்.

தோவேயின் தோள்கள் இறங்கின.

பாட்டு முடிந்தது. கூட்டுப் பாட்டுக்கு நாங்கள் கைதட்டுவதில்லை, அன்றைக்கும் தட்டவில்லை. யொஹானே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க விட்டேன்?" என்றார்.

"கடைசி வரியில" என்று ஈவர் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தான். அப்போது சிரித்தோம் பாருங்கள், வயிறு வலிக்க.

பேச்சு முடிந்து காப்பியும் கேக்கும் வந்தபோது யொஹானே நேராக ஆக்செலிடம் போனார். அவனைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்க அரைச் சுரம் கீழ பாடறீங்க, தெரியுமா?" என்றார்.

"அதேதான்!" என்றான் ஆக்செல்.

"தெரிஞ்சேதான் பாடறீங்களா?"

"அதேதான்!"

"பிடிவாதக்காரரா இருக்கீங்களே. அடுத்த வாரமும் வாங்க. ஆரம்பத்துலயே ஒண்ணு பாடிடலாம். பாடினா காது அடைச்சுப் போயிடும்னு நினைச்சிருந்தேன், அப்படி ஒண்ணும் இல்லன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். நான்தான் இத்தனை நாளா யார் பாடறதையும் சரியாக் கேக்காம இருந்திருக்கேன் போல."

ஆக்செல் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

ஈவர் என் காதில் கிசுகிசுத்தான். "பாட்டு கிடையாதுன்னு தீர்மானம் போட்டோம். இப்ப மூணு சரணமும் பாடியாச்சு. இதைக் குழுக் குறிப்புல எப்படி எழுதறது?"

"வெளியே காத்து சத்தமா வீசுச்சுன்னு எழுது" என்றேன்.

தோவே காப்பிப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று யாருக்கும் ஊற்றாமல் இருந்தாள். பக்கத்தில் போனேன்.

"கேட்டியா டாக்டரே, சுருதியை?" என்றாள். முகம் முழுக்க ஈரம், துடைக்கவும் இல்லை.

"கேட்டேன். கொடுமை."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதேதான். இந்தக் கூடத்துல இவன் பாட ஆரம்பிச்சா ஊரே திரும்பிப் பாக்கும். எனக்கு மானம் போகும். 'மெதுவா, மெதுவா'ன்னு முழங்கையால இடிச்சுக்கிட்டே இருப்பேன். முப்பது வருஷம் இடிச்சிருக்கேன், வில்லாட்ஸ். ஒவ்வொரு பாட்டுக்கும். வாயை மூட வெச்சதே நான்தான்."

அவளுக்கு முன்னாலிருந்த பாத்திரத்தை எடுத்து, காத்திருந்தவர்களுக்கு நானே காப்பி ஊற்றினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஈவரே அலமாரியைத் திறந்து புத்தகங்களை அடுக்கினான், இடுப்பைப் பற்றி முனகிக்கொண்டே. யொஹானே என்னையே வாசிக்கச் சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். தோவே கொடுத்த பாட்டில் எந்த வார்த்தைக்காக அதை எடுத்தாள் என்று தேடிப் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை. அறுவடையைப் பற்றிய சாதாரணப் பாட்டு, சத்தமாகப் பாட ஏற்றது, அவ்வளவுதான்.

கடைசி வரியை வாசித்தேன், இழுத்தேன், தலையைத் தூக்கினேன். கூடம் பாட ஆரம்பித்தது. அதற்கு நடுவில், எல்லாச் சுரத்துக்கும் கீழே, சந்தையில் மாடு விற்கிற குரலில் பாடினான் ஆக்செல். முன்வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோவேயின் காது சிவந்தது. அவள் முழங்கை தானாகவே போய் அவன் விலாவில் ஒரு இடி இடித்தது.

இடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. பியானோவில் உட்கார்ந்திருந்த எனக்கும் கை நின்றுவிடும் போலிருந்தது. ஆக்செல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தான், அந்தப் பழைய பார்வை. பிறகு இன்னும் சத்தமாகப் பாடினான்.